குளிர்ந்த கட்டி

என் பெரியம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி இருந்தது. நெல்லிக்காய் அளவு இருக்கும். வலி கிடையாது. எச்சிலை விழுங்கும்போது அது மேலே ஏறிக் கீழே இறங்கும். சிறு வயதில் நாங்கள் எல்லோரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "பெரியம்மா, இன்னொரு தரம் முழுங்கு!" என்று கேட்டு வேடிக்கை பார்த்திருக்கிறோம். அவளும் சிரித்துக்கொண்டே விழுங்கிக் காட்டுவாள்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளில் அந்த நெல்லிக்காய் எலுமிச்சங்காய் ஆயிற்று. கும்பகோணத்து டாக்டர் சென்னைக்குப் போகச் சொன்னார். துணைக்கு நான் போனேன். ஊசியில் ஏதோ மருந்தை ஏற்றி, ஒரு பெரிய யந்திரத்தின் கீழே படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். கூடவே ஒரு காகிதம் வந்தது. அதில் இருந்த ஆங்கிலத்தை நான் கூட்டிப் படித்து, "குளிர்ந்த கட்டி என்று போட்டிருக்கிறது, பெரியம்மா" என்றேன்.

பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. "அப்படியா! உஷ்ணக் கட்டியோ என்று பயந்துகொண்டிருந்தேன். குளிர்ச்சி என்றால் நல்லதுதானேடா?" என்றாள்.

ஆயுள் முழுவதும் வெந்தயமும் இளநீரும் எண்ணெய் ஸ்நானமுமாக உடம்புச் சூட்டோடு போராடியவள் அவள். அவளுடைய வைத்திய சாஸ்திரத்தில் சூடு சத்துரு; குளிர்ச்சி மித்திரன். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, கட்டி சூடாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கவலை இல்லை, குளிர்ந்திருக்கிறதே, அதைத்தான் யோசிக்கிறேன்" என்றபோது, அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குந்தான்.

ஒரு கட்டியைச் 'சூடு' என்றும் 'குளிர்ச்சி' என்றும் சொல்ல யார் கற்றுக் கொடுத்தார்கள்? அன்று மனத்தில் விழுந்த கேள்வி என்னை விடவில்லை. கதை எழுதுகிறவனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகமும் ரஸாயனமும் படித்து, இரண்டிலும் தட்டுத் தடுமாறித் தேறியவன் நான். ஆனால் இந்தச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தபோது, நான் கற்பனை செய்திருக்கக்கூடிய எந்தக் கதையையும் விட இது நன்றாக இருந்தது.

*

தைராய்டு என்கிற சுரப்பி, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, இரண்டு சிறகையும் விரித்து உட்கார்ந்த வண்ணத்துப் பூச்சியைப் போல் இருக்கும். எடை ஏறக்குறைய 20 கிராம். இத்தனூண்டு சாமான் எதற்கு என்று அந்தக் காலத்து ஸர்ஜன்களுக்குத் தெரியாது. அது வீங்கிக் கழலையாகி மூச்சை அடைத்தால் அறுத்து எடுப்பார்கள். ரத்தம் கட்டுக்கடங்காமல் பெருகி, ஆபரேஷன் மேஜையிலேயே நோயாளி இறந்து போவதும் உண்டு.

ஸ்விட்ஸர்லாந்தில் பெர்ன் நகரத்தில் இருந்த தியோடர் கோச்சர் அந்தப் பயத்தைப் போக்கினார். மலை நாட்டு மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. ஆகையால் அங்கே கழலைக்குப் பஞ்சமே இல்லை. கோச்சர் தம் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான தைராய்டு ஆபரேஷன்களைச் செய்தார். ஒரு சொட்டு ரத்தத்தையும் வீணாக்காமல் நிதானமாக அறுக்கும் கை அவருடையது.

அந்தக் கைக்கும் ஒரு சோதனை வந்தது. 1874-ல் அவர் ஒரு சிறுமிக்குத் தைராய்டை முழுவதும் எடுத்திருந்தார். பல வருஷங்களுக்குப் பிறகு, அந்தப் பெண்ணின் போக்கே மாறிவிட்டது என்று வேறொரு டாக்டர் சொன்னதைக் கேட்டு, அவளை வரவழைத்துப் பார்த்தார். வந்து நின்றவளைக் கண்டு திடுக்கிட்டார். தங்கை வளர்ந்து பெரிய பெண்ணாகியிருந்தாள்; அக்காள் குள்ளமாய், முகம் ஊதி, புத்தி மந்தித்து, தங்கையின் பக்கத்தில் குழந்தையைப் போல் நின்றாள். கோச்சர் தம்முடைய பழைய நோயாளிகளை எல்லாம் தேடிப் பிடித்தார். சுரப்பியை முழுவதும் இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதே கதி. 1883-ல் எதையும் மறைக்காமல் அதைப் பிரசுரித்தார். சாதாரணக் கழலைக்கு இனிமேல் சுரப்பியை முழுவதும் எடுப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை விட, தம் பிழையைத் தாமே தேடிப் போய்க் கண்டாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆக, கத்தியை எடுப்பதற்குத் தக்க காரணம் வேண்டும். புற்றுநோய் என்றால் எடுத்தே தீர வேண்டும். வெறும் கட்டி என்றால் சும்மா விட்டு வைக்கலாம். ஆனால் இரண்டும் தோலுக்கு வெளியே ஒரே மாதிரிதான் இருக்கும். விரலால் தடவிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. 1895-ல் எக்ஸ்ரே வந்தது. அது எலும்பைக் காட்டும். மெத்தென்ற சதைக்குள் நல்லது எது, கெட்டது எது என்று காட்டாது. திறந்து பார்த்தால்தான் தெரியும். தெரிந்துகொள்வதற்காகவே திறக்க வேண்டியிருந்தது.

*

1936-ம் வருஷம் நவம்பர் 12-ம் தேதி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில், ஹார்வர்ட் வைத்தியக் கல்லூரியில் ஒரு மத்தியானக் கூட்டம். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் கார்ல் காம்ப்டன், வைத்தியத்துக்குப் பௌதிக சாஸ்திரம் என்ன உதவி செய்யக்கூடும் என்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஸால் ஹெர்ட்ஸ் என்பவர் ஒருவர். வயது 31. மாஸசூஸெட்ஸ் பொது வைத்தியசாலையில் தைராய்டுப் பிரிவின் தலைவர்.

பேச்சு முடிந்ததும் ஹெர்ட்ஸ் ஒரு கேள்வி கேட்டார். அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் உள்ளதாகச் செய்ய முடியுமா?

கேள்வி சிறியது. ஆனால் அதற்குள் ஒரு பெரிய யுக்தி இருந்தது. சாப்பாட்டில் வரும் அயோடினைப் பூனை பாலைத் தேடுவதுபோல் தைராய்டு தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடம்பின் மற்ற உறுப்புகளுக்கு அதில் அத்தனை ஆசை இல்லை. அந்த அயோடினின் கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டால் என்ன? அது எங்கே போய்ச் சேருகிறது என்று வெளியே இருந்தபடியே காது கொடுத்துக் கேட்கலாம் அல்லவா? கதிரியக்கந்தான் அந்த மணி.

அப்படிப்பட்ட அயோடினை இத்தாலியில் என்ரிகோ ஃபெர்மி 1934-லேயே செய்திருந்தார். ஹெர்ட்ஸும் பௌதிக நிபுணர் ராப்லி எவன்ஸும் ஆர்தர் ராபர்ட்ஸும் சேர்ந்து 48 முயல்களிடம் அதைப் பரீட்சை செய்தார்கள். ஒரு தொல்லை: அந்த அயோடின் 25 நிமிஷத்தில் பாதியாகக் குறைந்துவிடும். மருந்தைத் தயார் செய்து, முயலுக்குக் கொடுத்து, கணக்கை எடுப்பதற்குள் பாதி மணி ஓய்ந்து போகும். அப்படியும் அவர்கள் விடவில்லை. தைராய்டு அயோடினை வாரிக்கொள்வதைக் கைகர் கருவி டிக் டிக் என்று சொல்லிவிட்டது. 1938-ல் முடிவைப் பிரசுரித்தார்கள்.

அதே வருஷம், தேசத்தின் மறு கோடியில், பெர்க்லியில் ஜோஸப் ஹாமில்டன் என்ற டாக்டருக்கும் இதே கஷ்டம். இளம் ரஸாயன நிபுணர் க்ளென் ஸீபார்கிடம் போய், சற்று நீடித்து நிற்கும் அயோடின் வேண்டும் என்றார். எவ்வளவு காலம் என்று ஸீபார்க் கேட்டாராம். ஒரு வாரம் போல என்று பதில். கடையில் துணி கேட்கிறவர் இத்தனை முழம் என்று சொல்லுவது போல் இருக்கிறது! ஸீபார்கும் ஜான் லிவிங்குட்டும் சேர்ந்து அயோடின்-131 என்பதைக் கண்டுபிடித்தார்கள். அது பாதியாவதற்கு 8 நாள். பின்னால் ஸீபார்கின் சொந்தத் தாயாருக்கே தைராய்டுக் கோளாறு வந்து, அந்த மருந்தே அவரைக் காப்பாற்றியது.

ஹெர்ட்ஸின் கதை அவ்வளவு மங்களமாக முடியவில்லை. 1941 மார்ச்சில், மிதமிஞ்சி வேலை செய்யும் தைராய்டை அடக்குவதற்குக் கதிர் அயோடினை முதல் முதலாக ஒரு நோயாளிக்குக் கொடுத்தவர் அவர்தான். யுத்தம் வந்தது; 1943-ல் கடற்படைக்குப் போனார். அவர் இல்லாத சமயத்தில் வேலையைத் தொடர்ந்தவர்களும் அவரும் 1946-ல் ஒரே பத்திரிகையின் ஒரே இதழில் தனித் தனியாகக் கட்டுரை வெளியிட்டார்கள். முதல் பெருமை யாருக்கு என்ற சச்சரவு நெடு நாள் நீடித்தது. 1950-ல், 45 வயதில், மாரடைப்பில் ஹெர்ட்ஸ் காலமானார்.

*

மணிச் சத்தம் கேட்டாயிற்று. அதைப் படமாக ஆக்க வேண்டுமே?

இங்கே ஜோஸப் ராட்ப்லாட் வருகிறார். போலந்து தேசத்தவர். 1939-ல் லிவர்பூல் சர்வகலாசாலைக்கு வந்தார். அவருடைய மனைவி டோலா, குடல்வால் நோயால் பிரயாணம் செய்ய முடியாமல் வார்ஸாவிலேயே தங்க நேர்ந்தது. சில நாட்களில் யுத்தம் மூண்டது. அப்புறம் அவர் மனைவியைப் பார்க்கவே இல்லை. நாஜிகளின் கொடுமையில் அந்த அம்மாள் மாண்டு போனார். ராட்ப்லாட் அணுகுண்டு செய்யும் வேலைக்காக லாஸ் அலமாஸ் போனார். ஜெர்மனியிடம் குண்டு இல்லை என்று 1944 கடைசியில் தெரிந்தவுடனே, மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று வேலையை உதறிவிட்டு வந்துவிட்டார். பின்னாளில், 1995-ல், சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

லிவர்பூலுக்குத் திரும்பிய அந்த மனிதர் தம் அணு ஞானத்தை வைத்தியத்துக்குக் கொண்டு வந்தார். 1948-ல், ஆன்ஸெல் என்ற டாக்டரும் அவரும் ஒரு நோயாளியை ஆராய்ந்தார்கள். மார்பெலும்புக்குப் பின்னே ஒளிந்திருந்த கழலை. கதிர் அயோடினைக் கொடுத்துவிட்டு, கைகர் கருவியை நோயாளியின் மேலே ஓர் இடத்தில் வைத்து எண்ணினார்கள்; சற்று நகர்த்தி மறுபடியும் எண்ணினார்கள்; இப்படியே புள்ளி புள்ளியாக எண்ணிக் காகிதத்தில் குறித்தார்கள். கத்தி படாமல், உடம்புக்குள் இருந்த தைராய்டின் உருவம் காகிதத்தில் எழுந்தது.

கையால் செய்கிற வேலையை யந்திரத்துக்குக் கற்றுக் கொடுத்தவர் லாஸ் ஏஞ்ஜல்ஸில் இருந்த பெனடிக்ட் காஸென். ஒரு துண்டு ஸ்படிகம். கதிர் பட்டால் அதில் மின்மினி போல் ஒளி தெறிக்கும். அந்த ஒளியைப் பெருக்கி எண்ண ஒரு குழாய். இரண்டையும் மோட்டாரில் பொருத்தினார். உழவன் ஏரை ஓட்டிக்கொண்டு போய், வரப்பில் திருப்பி, அடுத்த சாலில் வருவது போல, கருவி கழுத்தின்மேல் இப்படியும் அப்படியும் போய் வந்தது. கதிர்கள் மிகுந்த இடத்தில் காகிதத்தில் நெருங்கிப் புள்ளி விழும். குறைந்த இடத்தில் கலைந்து விழும். இது நடந்தது 1950-ஐ ஒட்டி. சில வருஷங்களில், 1957-ல், பெர்க்லியில் ஹால் ஆங்கர் என்பவர் ஏர் ஓட்டாமலே முழுப் படத்தையும் ஒரே சமயத்தில் பிடிக்கும் காமிராவைச் செய்தார். என் பெரியம்மாவைப் படுக்க வைத்த யந்திரம் அந்தக் காமிராவின் பேரப் பிள்ளைதான்.

காஸெனின் படத்தைப் பார்த்தால் நம் வீட்டு வாசல் புள்ளிக் கோலந்தான் ஞாபகம் வரும். நல்ல சுரப்பியில் புள்ளிகள் ஒரே சீராக இருக்கும். சில கட்டிகள் அளவுக்கு மீறி அயோடினை விழுங்கும். அங்கே புள்ளிகள் அப்பிக் கிடக்கும். அதற்குப் பெயர் சூடான கட்டி. வேறு சில கட்டிகள் அயோடினைத் தொடுவதில்லை. கோலத்தின் நடுவே யாரோ கால் வைத்து அழித்தது போல் வெறும் தரை தெரியும். அதுதான் குளிர்ந்த கட்டி. தொட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே சூடுதான். சூடு, குளிர்ச்சி என்பதெல்லாம் கதிர்க் கணக்கே தவிர, வெந்தயத்துக்கும் இளநீருக்கும் கட்டுப்பட்ட சமாசாரம் அல்ல.

சூடான கட்டி தைராய்டின் வேலையையே செய்கிறது. கொஞ்சம் அதிகமாகச் செய்கிறது, அவ்வளவுதான். அதில் புற்றுநோய் இருப்பது அபூர்வம். புற்றுநோய் அணுக்களோ, பிறந்த வீட்டு வேலையைப் பெரும்பாலும் மறந்துவிட்டவை. அயோடினைச் சேர்ப்பதில் அவற்றுக்குச் சிரத்தை இல்லை. ஆகையால்தான் குளிர்ந்த கட்டியின்மேல் சந்தேகம்.

ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. நீர் கோத்த கட்டியும் அயோடினை எடுக்காது. தழும்பேறிய சாதுவான கட்டியும் எடுக்காது. குளிர்ந்த கட்டிகள் நூறு இருந்தால் எண்பதுக்கு மேல் குற்றமற்றவைதாம். நூறு பேரையும் அறுத்தால் எண்பது பேருக்கு மேல் வீணாகக் கழுத்தில் கத்தி படும். கோச்சரின் கவலை வேறு உருவத்தில் திரும்பி வந்துவிட்டது.

*

அப்புறம் இரண்டு சாட்சிகள் வந்து சேர்ந்தன.

ஒன்று ஊசி. ஸ்வீடனில் 1950-களிலேயே மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சில அணுக்களை உறிஞ்சி, பூதக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் அந்த வழக்கம் நன்றாகப் பரவ மேலும் இருபது வருஷம் ஆயிற்று. பரவியதும், வீண் ஆபரேஷன்கள் கணிசமாகக் குறைந்தன.

மற்றொன்று ஒலி. காதுக்குக் கேட்காத ஒலி அலையைக் கழுத்துக்குள் அனுப்பி, அதன் எதிரொலியைப் படமாக்குவது. ஜப்பானில் ஃபுஜிமோட்டோவும் கூட்டாளிகளும் 1967-லேயே தைராய்டின் ஒலிப் படங்களை வகைப்படுத்தி வெளியிட்டார்கள். ஆரம்பத்தில், கட்டிக்குள் இருப்பது நீரா சதையா என்பதுதான் தெரிந்தது. போகப் போகக் கருவி கூர்மையாயிற்று. ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, உள்ளே மணல் போல் சுண்ணாம்புத் துகள் தெரிகிறதா, கட்டி அகலத்தை விட உயரமாக நிற்கிறதா என்றெல்லாம் பார்த்து, மதிப்பெண் போட்டு, எந்தக் கட்டியை ஊசியால் குத்த வேண்டும், எதை விட்டு வைக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். இன்று கழுத்தில் கட்டி என்றால் ரத்தப் பரிசோதனையோடு முதலில் செய்வது இந்த ஒலிப் பரிசோதனைதான். கதிர் அயோடின் படத்துக்கு, சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்கிறது என்று ரத்தம் சொன்னால்தான் பெரும்பாலும் வேலை.

என் பெரியம்மாவுக்கு ஊசியும் குத்தினார்கள். ஊசிக்குச் சில வகைக் கட்டிகளில் வாய் அடைத்துப் போகும். அணு எப்படி இருக்கிறது என்று அது சொல்லும். அந்த அணு தன் வேலியைத் தாண்டிற்றா என்று சொல்லாது. அதைச் சொல்லக் கட்டியே முழுசாக வேண்டும். பெரியம்மாவின் கட்டி அந்த ஜாதி. "நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை" என்று காகிதம் வந்தது. ஆபரேஷன் செய்தார்கள். சுரப்பியை முழுவதும் எடுத்தார்கள். பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது: புற்றுநோய் இல்லை. வீட்டில் எல்லோரும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம்.

*

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் சரித்திரம் இங்கே முடியவில்லை.

தென் கொரியாவில் 1999-ல் அரசாங்கம் புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் தைராய்டு கிடையாது. ஆனால் கொஞ்சம் பணம் அதிகம் கொடுத்தால் கழுத்தையும் ஒலிக் கருவியால் பார்த்துவிடுவார்கள். யார்தான் வேண்டாம் என்பார்கள்? கழுத்தில் எந்தக் குறையும் இல்லாதவர்களும் பார்த்துக்கொண்டார்கள். 2011-ல் அந்த நாட்டில் 40,000-க்கு மேற்பட்டவர்களுக்குத் தைராய்டுப் புற்றுநோய் என்று சொல்லப்பட்டது. 1993-ல் இருந்ததைப் போல் 15 மடங்கு. அநேகமாக எல்லோருக்கும் ஆபரேஷன். ஆனால் அந்த நோயால் இறப்பவர்களின் தொகை? முன்பும் வருஷத்துக்கு முந்நூறு நானூறு. பின்பும் அதே முந்நூறு நானூறு. அத்தனை பேரைப் பிடித்தும் ஓர் உயிர் கூடுதலாகப் பிழைத்ததாகக் கணக்கில் தெரியவில்லை.

இதன் ரகசியத்தை ஃபின்லாந்து டாக்டர்கள் 1985-லேயே சொல்லியிருந்தார்கள். வேறு காரணங்களால் இறந்த 101 பேருடைய தைராய்டை மெல்லிய சீவல்களாகச் சீவிப் பார்த்ததில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களிடம் கடுகளவு புற்றுநோய் இருந்தது. அவர்கள் அதோடு வாழ்ந்து, அதை அறியாமலே, வேறு ஏதோ ஒன்றால் போய்ச் சேர்ந்தவர்கள். 2014-ல் கொரிய டாக்டர்கள் சிலர் கூடி, குறை இல்லாதவர்களின் கழுத்தைத் துழாவ வேண்டாம் என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆபரேஷன்கள் மளமளவென்று குறைந்தன.

ஜப்பானில் கோபே நகரத்துக் குமா வைத்தியசாலையில் அகிரா மியாவுச்சி என்ற ஸர்ஜன் 1993-லேயே வேறு வழியைத் தொடங்கிவிட்டார். ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, சாதுவான வகைப் புற்றுநோய் என்று ஊசி சொன்னாலும், உடனே அறுக்காமல், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை ஒலிக் கருவியால் பார்த்துக்கொண்டே இருப்பது. வளர்ந்தால் அப்போது அறுப்பது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை இப்படிக் கவனித்ததில், பத்து வருஷத்தில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் கட்டி 3 மில்லிமீட்டராவது வளர்ந்தது. அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை. அறுக்கத் தெரிந்த கை, அறுக்காமல் காத்திருக்கவும் கற்றுக்கொண்டது. பெர்ன் நகரத்துக் கோச்சர் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. கழுத்தில் புதிதாகக் கட்டி தென்பட்டால், குரல் கம்மினால், கட்டி வேகமாக வளர்ந்தால், டாக்டரிடம் போகத்தான் வேண்டும். கொல்லுகிற தைராய்டுப் புற்றுநோயும் உண்டு. அதைக் காலத்தில் பிடிப்பதற்குத்தான் இத்தனை பேர் இத்தனை பாடுபட்டார்கள். பார்க்கும் சக்தி வந்த பிறகு, பார்த்ததை என்ன செய்வது என்கிற விவேகமும் வர வேண்டியிருந்தது. முதலாவது இருபது வருஷத்தில் வந்துவிட்டது. இரண்டாவது வந்து சேர இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது.

பெரியம்மா ஆபரேஷனுக்குப் பிறகு நெடு நாள் சௌக்கியமாக இருந்தாள். சுரப்பி இல்லாததால் தினமும் விடியற்காலை வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்குக் காப்பி குடிக்கக் கூடாது. அறுத்த வலியையோ கழுத்துத் தழும்பையோ அவள் ஒரு நாளும் பெரிதாகச் சொன்னதில்லை. அந்த அரை மணியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. கூடத்துக் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, அடுக்களையிலிருந்து டிக்காக்ஷன் வாசனை வரும்போதெல்லாம் பெருமூச்சு விடுவாள்.

"குளிர்ந்த கட்டி, குளிர்ந்த கட்டி என்றார்கள். கடைசியில் நான் சொன்னதுதானே சரியாயிற்று? குளிர்ச்சி என்றால் கெடுதல் இல்லையே!" என்பாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் அது சரி என்று தெரிந்துகொள்ள அன்று கழுத்தை அறுக்க வேண்டியிருந்தது.